குடவோலையும் சேவையகக் கொத்தும்: ஏடு காக்கும் மத்தியஸ்த முறைகள் – உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இடையறாது இயங்க வேண்டிய கணினிச் சேவையகக் கொத்துகளில், உறுப்புக் கணினிகளுக்கிடையே தொடர்பு அறுபடும்போது தரவின் மீது எழுதும் உரிமை எவருக்கு என்பதைத் தீர்மானிக்கும் மத்தியஸ்த முறைகள் 1970களின் இறுதி தொடங்கி வளர்ந்தன. அவற்றின் வரலாற்றை, காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) காட்டும் சபை நடைமுறைகளோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. குடவோலையை வாக்கெடுப்பாகக் கொண்டு செய்யப்படும் ஒப்புமை பிழையானது என்பதும், பொருந்தும் ஒப்புமை மத்யஸ்தன், கணக்கன் ஆகியோர் குறித்த விதிகளிலேயே உள்ளது என்பதும் இங்கு வாதிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், மத்யஸ்தன், குடவோலை, வாரியம், சேவையகக் கொத்து, குறைவெண் வரம்பு, மூளைப் பிளவு.

1. சிக்கலின் இயல்பு

ஒரே தரவை இரண்டு கணினிகள் பொறுப்பேற்றுக் காப்பதன் நோக்கம் எளிது. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று பணியைத் தொடரும். இரண்டும் தத்தம் நலத்தைச் சிறு செய்திகளால் இடைவிடாது ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொண்டிருக்கும். இதனைத் துறையினர் இதயத்துடிப்பு என்பர். துடிப்பு நின்றால் மறுகணினி இறந்துவிட்டதென்று கொண்டு, எஞ்சியது முழுப் பொறுப்பையும் ஏற்கிறது.

இங்குதான் இடர் தொடங்குகிறது. துடிப்பு நின்றதற்குக் காரணம் மறுகணினியின் இறப்பாக இருக்கலாம். இடையிலுள்ள கம்பி அறுந்ததாகவும் இருக்கலாம். அக்கணினி வேலைப்பளுவால் தாமதித்ததாகவும் இருக்கலாம். இம்மூன்றும் வெளியிலிருந்து காண்பவருக்கு ஒரே தோற்றம் தருவன. கம்பி மட்டும் அறுந்திருந்தால் இரு கணினிகளும் உயிரோடு இருக்கும். இரண்டும் மற்றது இறந்ததென நம்பும். இரண்டும் ஒரே ஏட்டில் எழுதத் தொடங்கும். இந்நிலையே மூளைப் பிளவு எனப்படுகிறது. பணி நின்றுபோவதைக் காட்டிலும் இது கொடியது. நின்ற பணியை மீண்டும் தொடங்கலாம். இருவேறு வழியில் எழுதப்பட்டுவிட்ட ஏட்டில் எது மெய் என்று பின்னர்ச் சொல்வது அரிது.

இரயில்வே முன்பதிவு இதற்குத் தக்க சான்று. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களில் இயங்கிய இந்திய இரயில்வேயின் முன்பதிவு முறைமை, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வேக்ஸ் கணினிகளையும் அவற்றின் வழிவந்த ஆல்பா கணினிகளையும் சார்ந்து வளர்ந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் சென்னை மையத்தின் ஏட்டில் பதிந்து பெற்ற படுக்கையை, அதே நொடியில் தன்னையே தலைமையெனக் கருதும் இன்னொரு கணினி வேறொருவருக்கு விற்றுவிட்டால், இரு பயணிகளிடமும் செல்லத்தக்க சீட்டே இருக்கும். பிழை இருவரிடமும் இல்லை. பிளவு ஏற்பட்ட நொடியில் எழுதும் உரிமை எவருக்கு என்று தீர்மானிக்க நடுவே ஒருவர் இல்லாததே பிழை.

2. எண்ணிக்கையால் தீர்த்தல்

இச்சிக்கலுக்கு முதலில் முன்வைக்கப்பட்ட விடை பெரும்பான்மை. 1979இல் இராபர்ட் தாமஸ், ஒரு தரவின் பல படிகள் பல இடங்களில் இருக்கையில் பெரும்பான்மைப் படிகளின் இசைவு பெற்ற மாற்றமே செல்லும் என்னும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில் டேவிட் கிஃபோர்ட் இதனைப் பொதுமைப்படுத்தி, படி ஒவ்வொன்றுக்கும் வாக்கு எடை தரும் முறையை முன்வைத்தார். படிக்கத் தேவையான வாக்குகளையும் எழுதத் தேவையான வாக்குகளையும் கூட்டினால் மொத்த வாக்குகளை விஞ்ச வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. ஓர் ஆவணத்துக்கு ஐந்து ஓலைப்படிகள் உள்ளன என்று கொள்வோம். எழுதும்போது மூன்று படிகளிலேனும் எழுத வேண்டும். படிக்கும்போது மூன்று படிகளையேனும் பார்க்க வேண்டும். எந்த மூன்றை எடுத்தாலும், கடைசியாக எழுதப்பட்ட மூன்றனுள் ஒன்றேனும் அவற்றில் இருந்தே தீரும். பழைய படிகளை மட்டும் பார்த்து ஒருவர் ஏமாற இடமில்லை.

டிஜிட்டல் நிறுவனம் 1983இல் அறிவித்த வேக்ஸ்கிளஸ்டர் இக்கருத்தை வணிகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கணினிக்கும் வாக்கு உண்டு. வாக்குகளின் கூட்டுத்தொகை குறைவெண் வரம்பை, அதாவது கோரத்தை, எட்டாவிடில் கொத்து முழுதும் செயலை நிறுத்தி வைக்கும். இந்நிறுத்தமே அதன் சிறப்பு. சிறுபான்மைப் பகுதியில் சிக்கிய கணினி நலமாகவே இருந்தாலும் ஒன்றையும் எழுதாது காத்திருக்கும். இடையறாமையைப் பெயரிலேயே கொண்ட அமைப்பு, தரவு கெடாமல் இருக்கும்பொருட்டு இடையறுதலைத் தானே ஏற்றுக்கொள்கிறது.

ஆயின் இரண்டே கணினிகள் கொண்ட கொத்தில் இம்முறை தடுமாறும். இரண்டில் பெரும்பான்மை இரண்டு. ஒன்று விழுந்தாலும் மற்றது நின்றுவிடும். பணம் குறைந்த நிறுவனங்கள் வாங்குவதோ இரண்டு கணினிகளையே. இதற்காகவே மூன்றாமவர் ஒருவர் தேவைப்பட்டார். வேக்ஸ்கிளஸ்டரில் அது ஒரு வட்டு. அவ்வட்டு எப்பணியும் செய்யாது; அதற்கு வாக்கு மட்டும் உண்டு. அதனை எட்டிப் பிடிக்கும் கணினி பெரும்பான்மை பெறும். 1997இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் கொத்துச் சேவையும் பொதுவட்டு ஒன்றையே நடுவராகக் கொண்டது. பின்னர்ப் பொதுக்கோப்பு ஒன்றும், 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் தொலைவிலுள்ள மேகச் சேமிப்பும் அவ்விடத்திற்கு வந்தன. இந்த மூன்றாமவருக்கு அத்துறையினர் இட்ட பெயர் சாட்சி.

3. கற்பனைத் தீவும் கல்லில் நின்ற சபையும்

கணினியியலார் இச்சிக்கலை விளக்க ஒரு சபையையே உவமையாக எடுத்துக்கொண்டதுண்டு. லெஸ்லி லாம்போர்ட் 1990இல் எழுதி அளித்து, 1998இல்தான் அச்சேறிய கட்டுரை, பாக்ஸோஸ் என்னும் கிரேக்கத் தீவில் பண்டைக்காலத்தில் இயங்கியதாகப் புனையப்பட்ட நாடாளுமன்றத்தைப் பற்றியது. உறுப்பினர்கள் அடிக்கடி அவையைவிட்டு வெளியேறுவர். தூதர்கள் செய்தியை மறந்துவிடுவர். ஆயினும் ஒவ்வோர் உறுப்பினரின் பேரேட்டிலும் சட்டங்கள் ஒன்றுக்கொன்று முரணாமல் இருக்க வேண்டும். வேடிக்கை நடையில் எழுதப்பட்டதாலேயே அக்கட்டுரையின் மதிப்பு உணரப்படப் பல ஆண்டுகள் ஆயின.

கற்பனைச் சபையைத் தேடிக் கிரேக்கம் சென்றவர்க்குக் காஞ்சிக்குத் தெற்கே ஒரு மெய்ச்சபையின் விதிமுறைகள் கல்லில் நிற்பது தெரிந்திருக்க வழியில்லை. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார், முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில் வாரியம் அமைக்கும் முறையை வகுத்து வைகுந்தப்பெருமாள் கோயிலில் பொறித்தனர். வி. வெங்கையா 1904–05ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 1932ஆம் ஆண்டு நூலும், பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் 1970இல் வெளியிட்ட ஆய்வும் அவ்வழியில் வந்தவை.

இக்கல்வெட்டுகள் மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாக மேடைகளில் பன்முறை எடுத்தாளப்படுகின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழாவிலும் பேசப்பட்டன. அப்பெருமிதத்தில் நழுவிவிடும் செய்தி ஒன்று உண்டு. குடவோலையில் வாக்குகள் எண்ணப்படுவதில்லை. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டு, குடும்புதோறும் தனிக்கட்டாகக் கட்டப்பட்டு, வாயோலை பூட்டிக் குடத்தில் இடப்படும். நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண எடுத்து நிற்பார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலைக்கப்பட்டபின் அதினின்று ஓர் ஓலையை எடுப்பான். இது திருவுளச்சீட்டு. எவர் பெரும்பான்மை பெற்றார் என்னும் வினாவுக்கே இதில் இடமில்லை. எனவே குடவோலையைக் கிஃபோர்டின் வாக்கு முறையோடு இணைத்துப் பேசுவது உவமையளவிலும் பொருந்தாது.

ஆனால் திருவுளச்சீட்டுக்கே உரிய ஒரு பயன் உண்டு. 1985இல் ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் ஆகிய மூவரும் நிறுவிய தேற்றத்தின்படி, செய்திகள் எவ்வளவு தாமதிக்கும் என்பதற்கு வரம்பில்லாத சூழலில் ஓர் உறுப்பு பழுதுறக்கூடுமாயினும், திட்டவட்டமான எந்த முறையும் எப்போதும் முடிவை எட்டும் என்று உறுதி கூற இயலாது. இறந்ததையும் தாமதித்ததையும் பிரித்தறிய முடியாமையே அடிப்படை. இத்தடையைத் தாண்டும் வழிகளுள் ஒன்று தற்செயலைத் துணைக்கு அழைப்பது. 2014இல் வெளிவந்த ராஃப்ட் என்னும் நெறிமுறையில், தலைமை இழந்த கணினிகள் ஒவ்வொன்றும் தற்செயலாகத் தெரிந்த கால அளவு காத்திருந்த பின்னரே தலைமைக்குப் போட்டியிடும். எல்லாம் ஒரே நொடியில் எழுந்து வாக்கைச் சிதறடிப்பதை இது தவிர்க்கிறது. உத்திரமேரூர்ச் சிறுவனின் கை செய்ததும் இதற்கு அயலானதன்று. குடும்புக்குள் எழக்கூடிய கட்சிப் போட்டிக்கு அது இடம் தரவில்லை. ஒப்புமை இவ்வளவே. இதனை மேலும் நீட்டிச் சோழர் கணினியியல் என்று பேசுவது கல்வெட்டுக்கும் நியாயம் செய்யாது, கணினியியலுக்கும் நியாயம் செய்யாது.

4. மத்யஸ்தன்

சிறுவன் எடுத்த ஓலை மத்யஸ்தன் கையில் கொடுக்கப்படும். அவன் ஐந்து விரலும் விரிய, உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும் என்று கல்வெட்டு கூறுகிறது. ஏற்ற ஓலையை அவன் வாசிப்பான். வாசித்த அவ்வோலையை அங்கு உள்மண்டபத்திலிருந்த நம்பிமார் எல்லோரும் வாசிப்பர். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்படும்.

மத்யஸ்தன் என்னும் சொல் நடுவில் நிற்பவன் எனப் பொருள்படுவது. இவனைச் சபையின் எழுத்தன் என்ற அளவில் கடந்துவிடும் போக்கு ஆய்வுகளில் உண்டு. அவன் எழுதினான் என்பது உண்மையே. 14ஆம் ஆண்டுச் சாசனத்தைச் சபையார் பணிக்க எழுதியவனும் மத்யஸ்தனே. ஆயினும் அவனது இடம் எழுத்து வேலையைக் காட்டிலும் அகன்றது. குடவோலையில் அவன் பெயர் இடம்பெறாது. வாரியத்தில் அவனுக்குப் பங்கில்லை. அவன் வழியாக அன்றி எந்தப் பெயரும் வாரியத்தை எட்டாது. அடுத்த ஆண்டு வாரியங்களை அமைக்கக் குறி கூட்டுவதும் மத்யஸ்தரைக் கொண்டே செய்யப்பட வேண்டும் என்பது விதி. பணியில் பங்கு கொள்ளாது, முடிவில் மட்டும் இன்றியமையாது நிற்கும் இவ்விடமே வேக்ஸ்கிளஸ்டரின் வாக்கு வட்டுக்கும் பின்வந்த சாட்சிக்கும் உரிய இடம்.

விரல்கள் விரிந்த உள்ளங்கை பற்றிய குறிப்பும் கருதத்தக்கது. மடித்த கையில் வேறோர் ஓலை மறைந்திருக்கலாம். நடுவரையே நம்பிவிடாமல், நடுவரின் செயலும் பலர் கண்முன் நிகழ வேண்டும் என்று சபையார் கருதினர். கணினிக் கொத்துகளில் நெடுங்காலம் பெரிதும் கவனிக்கப்படாதிருந்த பக்கம் இது. நடுவராக இருக்கும் ஒற்றை வட்டு பழுதுற்றால் என் செய்வது என்னும் வினா எழுந்த பின்னரே, நடுநிலையையும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பல இடங்களில் பரப்பி வைக்கும் வழக்கம் பரவியது. நம்பிமார் எல்லோரும் மீண்டும் வாசித்தபின் எழுதுதல், பல படிகளின் ஒப்புதல் வந்தபின்னரே ஒரு பதிவு நிலைபெற்றதாகக் கொள்ளுதலை ஒத்தது.

5. விலக்கலும் ஒரே எழுத்தனும்

நடுவர் தீர்ப்பளித்துவிட்டால் மட்டும் ஏடு காக்கப்படுவதில்லை. தோற்ற தரப்பு தான் தோற்றதை அறியாமல் இருக்கலாம். உறைந்துபோயிருந்த கணினி சில நொடிகள் கழித்து விழித்து, இடையில் நடந்தது தெரியாமல், பாதியில் விட்ட வரியை எழுதி முடிக்கும். அவ்வொரு வரியே தரவைக் கெடுக்கப் போதும். ஆகவே புதிய தலைமை எழுதத் தொடங்குமுன் பழைய தலைமையின் கையைக் கட்ட வேண்டும். இதற்கு வேலியிடல் என்று பெயர். இரண்டு வழிகள் பெருவழக்காயின. ஒன்று, மறுகணினியின் மின்சாரத்தையே துண்டிப்பது. லினக்ஸ் உலகில் இதற்கு வழங்கும் ஸ்டோனித் என்னும் பெயர், அடுத்த கணுவைத் தலையில் சுடு என்னும் தொடரின் சுருக்கம். மற்றொன்று சற்று நாகரிகமானது. எஸ்.சி.எஸ்.ஐ.-3 தரத்தின் நிலைத்த முன்பதிவு முறையில், வட்டில் ஒவ்வொரு கணினியும் தன் திறவுகோலைப் பதிந்து வைத்திருக்கும். விலக்கப்பட்டதன் திறவுகோல் நீக்கப்படும். பின்னர் அது எழுத முயன்றால் வட்டே மறுத்துவிடும்.

வாரியம் செய்வாருள் அபராதம் காணப்பட்டவரை அப்போதே ஒழிக்க வேண்டும் என்ற உத்திரமேரூர் விதி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பதவிக்காலம் 360 நாள். ஆயினும் குற்றம் கண்டபோது காலம் முடியக் காத்திருப்பதில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் பின்னர்க் குடவோலையில் பெயரிடப்படவும் தகுதியற்றவர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. சபை குற்றம் கண்டு விலக்கியது. கணினிக் கொத்து மௌனத்தைக் கண்டே விலக்குகிறது. விலக்கப்பட்ட கணினி பிழையற்றதாகவும் இருக்கலாம். நீதி வழங்கல் அங்கு நோக்கமன்று, ஏட்டைக் காத்தலே நோக்கம். மனிதர் சபைக்கு அக்கொடுமையான எளிமை கைகூடாது, கூடவும் வேண்டாம்.

கல்வெட்டின் கடைப்பகுதியில் கணக்கன் பற்றி வரும் விதிகள் குடவோலையளவு புகழ் பெறவில்லை. தரவுக் காப்பு என்னும் நோக்கில் அவையே சாசனத்தின் உயிர்ப்பகுதி என்று கூறத் தகும். கணக்கெழுதினவன் பெருங்குறிப் பெருமக்களிடம் தன் கணக்கைக் காட்டித் தூயவன் எனத் தெளியப்பட்ட பின்னரன்றி வேறு கணக்கில் புகக் கூடாது. தான் எழுதின கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறு கணக்கர் புகுந்து அதனை முடித்துவைத்தல் கூடாது. ஓர் ஏட்டுக்கு ஒரு காலத்தில் ஒருவரே எழுத்தர் என்னும் இவ்வொழுங்கு, முன்னவர் பொறுப்பு முடிந்ததென உறுதிப்படாமல் பின்னவர் கைவைக்கலாகாது என்பதையும் தன்னுள் கொண்டது. வைரமேகத் தடாகம் போன்ற பேரேரியின் பராமரிப்புக்கு வந்த கொடைகளும் வட்டியும் இத்தகைய கணக்குகளையே நம்பி நின்றன. ஏரி வாரியத்தின் கணக்கு குழம்பினால் குழம்புவது ஓலை மட்டுமன்று, பாசனமும்தான்.

காஞ்சி மாநகரில் இப்பொறுப்பு பிராமணர் சபைக்கு வெளியேயும் பகிரப்பட்டிருந்தது. உத்தமசோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலின் மேற்பார்வையில் நெசவாளர் வாழ்ந்த சேரிகளுக்குப் பங்களிக்கிறது. திருவிழா முடிந்தவுடன் கணக்குகள் நகரத்தாரின் ஆண்டு வாரியத்தால் பார்க்கப்பட வேண்டும் என்கிறது. உத்திரமேரூர் விதிகள் நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே இடமளித்தன; அங்கு நம்பகம் என்பது குலத்தாலும் சொத்தாலும் அளக்கப்பட்டது. தறியில் இருந்தோரைக் கோயிற் கணக்கருகே நிறுத்திய காஞ்சிச் செப்பேடு அதனின்று வேறுபடுகிறது. மத்தியஸ்த வரலாற்றை உத்திரமேரூரோடு முடித்துவிடுவோர் இதனைத் தவறவிடுகின்றனர்.

6. நாற்பத்து மூன்று நொடிகள்

முறைகள் இத்துணை வளர்ந்த பின்னும் பிளவு நேர்கிறது. 2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் மூலநிரல்களைக் காக்கும் கிட்ஹப் நிறுவனத்தில், வலையமைப்புக் கருவி ஒன்றை மாற்றும் பராமரிப்புப் பணியின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்த வலைமையத்திற்கும் தரவு மையத்திற்கும் இடையே 43 நொடிகள் தொடர்பு அறுந்தது. தானியங்கி மத்தியஸ்தம் பிழையின்றியே செயற்பட்டது. மேற்குக் கரையிலும் பிறவிடத்திலும் இருந்த கணுக்கள் பெரும்பான்மை அமைத்துத் தலைமையை மேற்கிற்கு மாற்றின. ஆயின் அதற்குச் சற்று முன் கிழக்கில் எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்கை வந்தடைந்திருக்கவில்லை. தொடர்பு மீண்டபோது இரு கரைகளிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. சேவையை விரைவாக மீட்பதா, தரவின் முழுமையைக் காப்பதா என்ற வினாவில் நிறுவனம் இரண்டாவதைத் தெரிந்தது. முழுச் சீர்நிலை திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. நடுவர் சரியாகத் தீர்ப்பளித்தும் ஏடு பிளந்தது. தீர்ப்புக்கு முன் எழுதப்பட்டது எல்லாம் எல்லோரும் வாசித்ததாக இருக்கவில்லை என்பதே காரணம்.

7. இரு சாசனங்கள், ஒரு கோயில்

உத்திரமேரூரிலும் முதல் ஏற்பாடு நிலைக்கவில்லை. 12ஆம் ஆண்டுச் சாசனத்தில் வாரியத்தாரின் வயது 30க்கு மேல் 60க்குள் என்றிருந்தது. ஈராண்டு கழித்து அது 35க்கு மேல் 70க்குள் என மாற்றப்பட்டது. தகுதியின்மை விதிகள் பெரிதும் விரிந்தன. குடம், ஓலை, சிறுவன், மத்யஸ்தன் பற்றிய நுணுக்கங்கள் இரண்டாம் சாசனத்திலேயே விளக்கம் பெற்றன. இடையில் ஏதோ பழுதுற்றிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. தீயோர் கெட்டு நல்லோர் வளர வேண்டும் என்று சாசனமே நோக்கம் கூறுகிறது. இரு முறையும் அரசனின் ஆணையோடு அதிகாரி ஒருவர் சபையில் உடனிருந்தார் என்பதால், சபை முற்றும் தன்னுரிமையோடு இயங்கியது என்றும் கொள்ளலாகாது.

புதிய விதி வந்தபோது பழைய கல்வெட்டு அழிக்கப்படவில்லை. இரண்டும் ஒரே கோயிலில் இன்றும் உள்ளன. வயது வரம்பில் ஒன்றுக்கொன்று முரணும் இவ்விரு சாசனங்களுள் எது நடப்பிலிருந்தது என்பதை வாசகர் அறிவது தொடக்கத்திலுள்ள ஆட்சியாண்டு எண்ணால்: ஒன்றில் 12, மற்றொன்றில் 14. ராஃப்ட் நெறிமுறையில் ஒவ்வொரு தலைமையும் தன் ஆட்சிக்கால எண்ணைச் செய்திதோறும் முன்னே இட்டு அனுப்பும்; தன்னிடமுள்ளதைவிடப் பெரிய எண்ணைக் காணும் பழைய தலைமை, வாதிடாமல் அக்கணமே விலகும்.